பிரெஞ்சு வீட்டுக்குக் கஞ்சி போட்ட கதை

கடை மேசையில் படம் குப்புறக் கிடந்தது. அதன் முதுகில் சம்பந்தம் அண்ணன் கஞ்சி தடவிக்கொண்டிருந்தார்.

ஒரு கையில் எவர்சில்வர் கிண்ணம். இன்னொரு கையில் அகலமான பிரஷ். வடித்த கஞ்சியின் வாசனை கடை முழுக்க நிறைந்திருந்தது. வேறு ஒரு நாளாக இருந்தால் அந்த வாசனைக்கு எனக்குப் பசித்திருக்கும். அன்று காய்கறிப் பையோடு வாசற்படியிலேயே நின்றுவிட்டேன்.

"வாம்மா. துணி தொளதொளன்னு கெடந்துது. பாவு இந்த மாதிரி இருந்தா உட்டு வெப்போமா? அதான் ஒரு கை போட்டுக்கினு இருக்கேன்" என்றார்.

அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பிரஷ் நின்றது.

"ஏம்மா, போடக் கூடாதா?"

முக்கால் முதுகு நனைந்திருந்தது. ஒரு மூலைதான் மிச்சம்.

மரகதம் அக்காவின் மூட்டை

போன வாரம் கண்ணாடி உடைந்த கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகி, "உங்கள் கடையில் ஒழுங்காக எதுவும் நடக்காதா?" என்று கேட்டு எழுதியிருந்தார். இந்த வாரமும் அவருக்கு அதே சந்தேகம் வரும். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

அந்தப் படம் எங்கள் கடைக்கு வந்து மூன்று நாள்தான் ஆகியிருந்தது. கொண்டுவந்தவர் மரகதம் அக்கா. இந்த ஊரில் நெசவுக் குடும்பத்தில் பிறந்தவர். புதுச்சேரிப் பக்கம் வாழ்க்கைப்பட்டு, வீட்டுக்காரரோடு பிரான்ஸ் போனார். அங்கே பாரிஸிலிருந்து ரயிலில் சில மணி நேரம் தள்ளி ஒரு கிராமத்தில், ஓர் ஓவியருடைய வீட்டில் இருபது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தார். சமையல், துணி, தோட்டம், பிள்ளை வளர்ப்பு எல்லாம் அவர்தான். வீட்டுக்காரர் காலமான பிறகு, பிள்ளைகள் அங்கேயே இருக்கட்டும், எனக்கு என் ஊர் போதும் என்று திரும்பி வந்துவிட்டார். எங்களுக்கு அடுத்த தெருவில் வீடு.

ஓவியர் அந்த நாட்டில் பேர் வாங்கியவராம். ராஜா ராணியை வரைகிற பழைய காலத்து ஆள் இல்லை, இந்தக் காலத்து ஓவியர். பேரை எழுத வேண்டாம் என்று அக்கா கேட்டுக்கொண்டார். கேட்காவிட்டாலும் அந்தப் பேர் என் வாயில் நுழையாது.

வேலையை விட்டுக் கிளம்பிய அன்று அவர் அக்கா கையில் கொடுத்ததுதான் இந்தப் படம். தன் கிராமத்து வீட்டையே எண்ணெய் வண்ணத்தில் வரைந்திருந்தார்.

அக்கா அதைப் பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் வைத்து, வழி நெடுக டிரைவரைப் பள்ளம் பார்த்து ஓட்டச் சொல்லிக் கூட்டி வந்தார். ஊருக்கு வந்த நாளிலிருந்து அது கட்டிலுக்கு அடியில்தான் இருந்ததாம். ஏன் மாட்டவில்லை என்று கேட்டேன். பயம் என்றார். வெயில் படுமோ, மழைக்கு ஓதம் ஏறுமோ, சாம்பிராணிப் புகை படியுமோ, பல்லி அசிங்கம் பண்ணுமோ.

"இது வந்ததுலர்ந்து நான் நிம்மதியா ஒரு எடம் போய் வந்தது இல்ல எஸ்தரு. பச்சக் கொழந்தைய வீட்ல உட்டுட்டுப் போற மாதிரியே இருக்குது."

இப்போது வெளியே எடுத்ததற்குக் காரணம் இருந்தது. ஓவியருடைய மகள் கிளேர் இந்தியாவுக்கு வருகிறாள். ஞாயிற்றுக்கிழமை காஞ்சிபுரத்துக்கு வந்து அக்காவைப் பார்க்கிறாள். அக்கா தூக்கி வளர்த்த பெண். ஓவியர் இறந்துவிட்டார். அந்த வீட்டையும் யாருக்கோ விற்றாகிவிட்டது. ஆக, அந்த வீடு இப்போது அந்தப் பெண்ணுக்கு மிச்சமிருப்பது இந்தப் படத்தில்தான். அவள் வரும்போது படம் கட்டிலுக்கு அடியில் கிடந்தால் எப்படி இருக்கும்?

"அவங்க அப்பா குடுத்தத நான் எப்டி வெச்சிருக்கேன்னு அவ பாக்கணும். அவ்ளோதான்" என்றார் அக்கா. சொல்லிவிட்டு, சனிக்கிழமை தயாராகிவிடுமா என்று மூன்று தடவை கேட்டார்.

மூக்குத்தி போட்ட பெருமாள்

படத்துக்குச் சட்டம் போடுகிற வேலையை நான் எங்கும் போய்க் கற்றுக்கொள்ளவில்லை. தென்னேரியில் என் அப்பா அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போனவர். எங்கள் வீட்டுச் சுவரில் மாட்டுவதற்குப் படமும் கிடையாது, மாட்ட ஆணியும் கிடையாது. கல்யாணமாகி வந்தபோது என் வீட்டுக்காரர் தேவா ஒரு பெரிய கடையில் மரம் அறுத்துக்கொண்டிருந்தார். பிறகு தனியாகக் கடை போட்டோம். அறுப்பது அவர். ஒட்டுவது, ஆணி அடிப்பது, பேசுவது எல்லாம் நான்.

வாடிக்கையாளர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் தொழில் படித்தேன். ஒருமுறை பெருமாள் படத்துக்கு மெல்லிசான சட்டம் போட்டுக் கொடுத்துவிட்டேன். வாங்க வந்த பெரியம்மா தூக்கிப் பார்த்து, "மாலை போட வேண்டிய சாமிக்கு மூக்குத்தி போட்டு அனுப்புறியே" என்றார். அன்றிலிருந்து சாமிக்குத் தடித்த சட்டம்தான்.

இன்னொரு முறை ஒரு கல்யாணப் படம். மாப்பிள்ளை முகத்தில் நிழல் விழுந்திருந்தது. கண்ணாடியில் அழுக்கு என்று நினைத்து நான் துடைத்துக்கொண்டே இருந்தேன். மாமியார்க்காரி, "அவன் மொகமே அப்டிதாம்மா. கையி வலிக்கப் போவுது, உடு" என்றார்.

இப்படிக் காதில் விழுகிறதை எல்லாம் ஒரு நோட்டில் எழுதி வைப்பேன். இந்தத் தொடரே அந்த நோட்டிலிருந்து வருவதுதான்.

ஞாயிறு சர்ச்சுக்குப் போகிற நாங்கள் மற்ற ஆறு நாளும் அம்மனுக்கும் முருகனுக்கும் சட்டம் போடுகிறோம். இத்தனை வருஷத்தில் சாமி படம், கல்யாணப் படம், காலமானவர் படம், பட்டம் வாங்கிய சான்றிதழ் எல்லாம் வந்திருக்கிறது. துணியில் எண்ணெய் வண்ணத்தால் வரைந்த படம் வந்ததே இல்லை. அதற்குக் கண்ணாடி போடக் கூடாது என்பதையே போனில் வீடியோ பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கதவு சாத்தின வீடு

படம் கிட்டத்தட்ட ஒரு கதவுப் பலகையின் அகலம் இருக்கும். நடுவில் வீடு. செம்மண்ணும் ஊதாவும் கலந்த ஓட்டுக் கூரை. வெயிலில் வெந்த மஞ்சள் சுவர். நீல ஜன்னல்கள். சாத்தியிருக்கிற பச்சைக் கதவு. பக்கத்தில் ஒரு பெரிய மரம், அதில் இலை இலையாக எதுவும் வரையவில்லை. கரண்டியால் அள்ளி அப்பின மாதிரி பச்சை. கூரைக்கு மேல் கொஞ்சம் கோணலாக ஒரு புகைபோக்கி, அதற்குப் பின்னால் வானம்.

முகத்தைக் கிட்டே கொண்டுபோனால் வீடே தெரியாது. மேடும் பள்ளமுமாக வண்ணம் மட்டும், பாத்திரத்தின் வெளியே இட்லி மாவு வழிந்து காய்ந்த மாதிரி. நாலு அடி பின்னால் வந்து பார்த்தால் எல்லாம் ஒன்று சேர்ந்து வீடு எழுந்து நிற்கும். முதல் நாள் நான் முன்னும் பின்னும் நடந்து நடந்து பார்த்ததில் மதியச் சோறு மறந்துபோனது.

தெருவுக்கே செய்தி போய்விட்டது. பூக்காரம்மா வந்து பார்த்துவிட்டு, இவ்வளவு பெரிய வீட்டில் ஓர் ஆள் இல்லையே, எல்லாரும் கல்யாணத்துக்குப் போய்விட்டார்களா என்று கேட்டார். போஸ்ட்மேன் கதவை உற்றுப் பார்த்து, தபால் போடுவதற்குச் சந்தே வைக்கவில்லை என்று குறைபட்டுக்கொண்டார். தேவா புகைபோக்கியைக் காட்டி, "கொத்தனார் மட்டம் புடிக்கல" என்றார்.

சம்பந்தம் அண்ணன் மட்டும் முன்பக்கத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அவர் தறி எங்கள் கடைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான். பட்டு நெய்கிறவர். இந்தத் துணி என்ன நூல் என்று கேட்டார். திருப்பிக் காட்டினேன். விரலால் நெருடினார்.

"நல்ல நெசவும்மா. ஆனா தளந்துட்டுதே."

உண்மைதான். வருஷக்கணக்காகக் கட்டிலுக்கு அடியில் கிடந்து, வெயிலும் மழையும் மாறி மாறி, உள்சட்டத்தில் இழுத்து அடித்திருந்த துணி தொய்ந்துபோயிருந்தது. கீழ்ப்பக்கம் வயிறு தள்ளிய மாதிரி இருந்தது. வீட்டின் முன் இருந்த புல்வெளியே மேடாகத் தெரிந்தது.

பாவு நினைப்பு

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும், வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் நீளவாக்கில் ஓடுகிற நூலுக்குப் பாவு என்று பேர். தறியில் ஏற்றுவதற்கு முன் காலை வேளையில் அதைத் தெரு நீளத்துக்கு விரித்து இழுத்துக் கட்டி, அரிசிக் கஞ்சி தடவிக் காயவைப்பார்கள். காய்ந்தால் இழை மிடுக்காக நிற்கும். எங்கள் தெருவில் அந்த நேரத்துக்குப் பைக்கில் போகிறவர்கள் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போவார்கள்.

சம்பந்தம் அண்ணன் கண்ணுக்கு அந்தப் படத்தின் முதுகு, தொய்ந்துபோன ஒரு துணி. முன்னால் வீடு இருக்கிறதா, மாடு இருக்கிறதா என்பது வேறு விஷயம். மூன்று நாளாகச் சுவருக்கு அந்தப் பக்கம் நெய்துகொண்டே அதை நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.

அந்த வியாழக்கிழமை தேவா மரம் வாங்க வாலாஜாபாத் போயிருந்தார். நான் மார்க்கெட்டுக்குக் கிளம்பும்போது, கடையைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வழக்கம்போல் அண்ணனிடம் சொல்லிவிட்டுப் போனேன். அவர் பார்த்துக்கொண்டார். அவர் வீட்டில் அப்போதுதான் சோறு வடித்திருந்தார்கள்.

நானும் அண்ணனும் காய்ந்த துணியால் கஞ்சியை ஒற்றி எடுத்தோம். ஃபேன் போட்டோம். நண்பகலுக்கு எல்லாம் உலர்ந்துவிட்டது. பயந்துகொண்டே திருப்பிப் பார்த்தோம். புல்வெளி சமமாகியிருந்தது. துணி மேளத்தோல் மாதிரி விறைத்து நின்றது. ஒரு நிமிஷம் எனக்கே சந்தோஷம் வந்துவிட்டது. அண்ணனும் லேசாகச் சிரித்தார்.

அப்போது 'டிக்' என்று ஒரு சத்தம். உளுந்து வெடித்தால் கேட்குமே, அந்த அளவுதான். புகைபோக்கிக்குப் பக்கத்தில் முடியளவு ஒரு கோடு ஓடியிருந்தது. அங்கிருந்து கடுகளவு வானம் பெயர்ந்து மேசையில் விழுந்து கிடந்தது.

அதைக் காகிதத்தால் ஏந்தி எடுத்து, கொக்கி போட்டு வைக்கிற சின்ன பிளாஸ்டிக் உறையில் போட்டேன். அண்ணன் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் காலை கடையைத் திறந்தால் எறும்பு. மேசைக் காலில் ஏறி, சட்டத்தில் ஏறி, கஞ்சியைத் தேடி வரிசையாக வந்துகொண்டிருந்தது. ஊரில் யாருக்கும் தெரியாத விஷயம் எறும்புக்குத் தெரிந்துவிட்டது.

பிரௌன் பேப்பர்

தேவா நல்ல மனுஷர். அவர் சொன்னதை எழுதும்போது அதையும் சேர்த்து எழுத வேண்டும். எறும்பைத் தட்டிவிட்டுக்கொண்டே மெதுவாகச் சொன்னார்.

"எல்லாப் படத்துக்கும் முதுகுல பிரௌன் பேப்பர் ஒட்றோம். இதுக்கும் ஒட்டிட்டா யாருக்குத் தெரியப் போவுது? அந்தக் கோடு வரஞ்சவரே போட்டதுன்னு நெனச்சுக்குவாங்க."

சொல்லிவிட்டு அளவெடுத்துப் பேப்பரை வெட்டியும் வைத்துவிட்டார். நான் பசைக் கிண்ணத்தைக் கையில் எடுத்தேன் என்பதை ஒளிக்காமல் சொல்கிறேன். அக்கா முகம் கண்ணுக்கு முன்னால் வந்தது. இருபது வருஷ உழைப்புக்கு அவர் கையோடு கொண்டுவந்த ஒரே பொருள். கேட்டால் என்ன சொல்வது? ஒட்டிவிட்டால் கேட்கவே மாட்டாரே. இப்படி இரண்டு பக்கமும் மனசு இழுத்துக்கொண்டிருந்தது.

அப்போது அண்ணனுடைய மனைவி எட்டிப் பார்த்தார். அண்ணன் நேற்றிலிருந்து தறிக் குழியில் காலை விட்டுக்கொண்டு சும்மாவே உட்கார்ந்திருக்கிறாராம். சாப்பிடவும் இல்லையாம். அப்போதுதான் எனக்கு உறைத்தது, சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு நாளாகச் சத்தமே வரவில்லை.

பின்னாலேயே அண்ணனும் வந்தார். மேசையில் வெட்டி வைத்திருந்த பேப்பரைப் பார்த்ததும் அவருக்குப் புரிந்துவிட்டது.

"பொடவையில எழ அறுந்துபோனா, அந்த எடத்த மடிப்புக்குள்ள வெச்சுக் குடுத்துடறவனும் இருக்கான்மா. நான் குடுத்தது இல்ல. நானே போயி அந்தம்மா கையில சொல்லிட்றேன். உன் பேரு கெட வேணாம்."

தேவா பேப்பரைச் சுருட்டி எடுத்து வைத்துவிட்டார். நான் பசைக் கிண்ணத்தை மூடினேன்.

அக்காவின் கணக்கு

சாயங்காலம் நானும் அண்ணனும் போனோம். அக்கா முறத்தில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். அண்ணன் உட்காராமலேயே எல்லாவற்றையும் சொன்னார். கஞ்சி, பிரஷ், சத்தம், கோடு, எறும்பு. எறும்பை விட்டிருக்கலாம், அதையும் சொன்னார்.

அக்காவுக்குப் பிரான்ஸில் ஒட்டிக்கொண்ட பழக்கம் ஒன்று உண்டு. பேச்சு வராவிட்டால் உதட்டைக் குவித்து 'ப்ஃப்' என்று காற்றை விடுவார். அப்படி விட்டார். பிறகு கேட்டார்.

"வீடு இருக்குதா?"

"இருக்குதுக்கா. பொகபோக்கி பக்கத்துல மட்டும் கொஞ்சம்..." என்றேன்.

முறத்தை அப்படியே வைத்துவிட்டு எங்களோடு கடைக்கு வந்தார். படத்தின் முன்பக்கத்தை ரொம்ப நேரம் பார்த்தார். முதுகைத் தொட்டு விரலை முகர்ந்தார். திட்டவே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ரெண்டு வார்த்தை திட்டிவிடுங்கள் என்று நானே கேட்டேன்.

"திட்றதுக்கு இது முழுசா என்னுதான்னே எனக்குத் தெரியலயே" என்றார்.

அப்போதுதான் மனசில் இருந்ததைச் சொன்னார். கிளேர் போனில் பேசும்போது, அப்பாவின் வீட்டைத் திரும்பப் பார்க்க ஆசையாக இருக்கிறது என்று சொன்னாளாம். அதைக் கேட்டதிலிருந்து, படத்தைத் திருப்பிக் கேட்கத்தான் வருகிறாளோ என்று அக்காவுக்கு ஒரு நினைப்பு. கேட்டால் கொடுத்துவிடுவது என்று முடிவும் செய்துவிட்டார்.

"அது அவ பொறந்த வீடு. குடுத்துடலாம். ஆனா நல்லபடியா குடுக்கணும்னு இருந்தேன்."

சம்பந்தம் அண்ணன் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டது தெரிந்தது.

போகும்போது அக்கா ஒன்றே ஒன்று சொன்னார். "சட்டம் போட்டுடு எஸ்தரு. முதுகுல பேப்பர் மட்டும் ஒட்டாத. அவ திருப்பிப் பாக்கட்டும்."

அரிசியா, மைதாவா

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் நான் என்ன ஜெபம் பண்ணினேன் என்று சொல்லத் தேவையில்லை. நேராகப் படத்தோடு அக்கா வீட்டுக்குப் போனோம். கூடத்தில் ஒரு நாற்காலிமேல் சாய்த்து வைத்தோம். அண்ணன் வரவில்லை. காய்ச்சல் என்று சொல்லி அனுப்பியிருந்தார்.

கிளேர் உயரமான பெண்மணி. அவருக்கே ஐம்பதை நெருங்கும். வெயிலில் மூக்கு சிவந்திருந்தது. காரை விட்டு இறங்கினதும் குனிந்து அக்காவைக் கட்டிக்கொண்டார். விடவே இல்லை. பிறகு உள்ளே வந்தார், படத்தைப் பார்த்தார், அதற்கு எதிரே தரையில் உட்கார்ந்துவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

அக்கா காபிகூடப் போடவில்லை. முதலில் சொல்லிவிட வேண்டும் என்று பிரெஞ்சில் ஆரம்பித்தார். எனக்கு ஒரு சொல் புரியவில்லை. ஆனால் அக்காவின் கை காற்றில் பிரஷ் போட்டதும், கிளேரின் சிரிப்பு நின்றுபோனதும் புரிந்தது.

கிளேர் எழுந்தார். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படத்தைத் திருப்பினார். நகத்தால் லேசாகச் சுரண்டினார். முகர்ந்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார். தேவா என் முந்தானையைப் பிடித்துக்கொண்டிருந்தது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"அரிசியா, மைதாவான்னு கேக்கறா" என்றார் அக்கா.

"அரிசிதான். வடிச்ச கஞ்சி" என்றேன்.

அதற்குப் பிறகு கிளேர் வேகமாகப் பேச ஆரம்பித்தார். நான் அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். முதலில் நெற்றிச் சுருக்கம் போனது. பிறகு வாய் திறந்தது. பிறகு நாற்காலியைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கிவிட்டார்.

விஷயம் இதுதான். அவர்கள் நாட்டில் பழைய நாளில் படத்தின் துணி நைந்துபோனால், மாவுப் பசை காய்ச்சி, பின்னால் இன்னொரு துணியை ஒட்டுவார்களாம். ஓவியரும் தன் பழைய படங்கள் ஒன்றிரண்டுக்கு அப்படிச் செய்தவர்தானாம்.

"அந்தப் பசைய என் சட்டியிலதான் காய்ச்சுவாரு எஸ்தரு. அடி புடிச்சு நாசம் பண்ணுவாரு. எத்தினி நாளு சண்ட போட்டிருக்கேன். அது எதுக்குன்னு எனக்கு இன்னிக்குதான் தெரியுது."

கிளேர் அதோடு விடவில்லை. ஈரம் பட்டது ஆபத்துதான், இனிமேல் யாரும் இப்படிச் செய்யக் கூடாது என்று கண்டிப்பாகச் சொன்னார். ஆனால் கஞ்சி நீர்த்து இருந்தது, ஒரு தடவைதான் போட்டது, உடனே காய்ந்துவிட்டது. உலர்ந்த பிரஷால் மேலாகத் தட்டிவிட்டால் எறும்பு வராது. கோடு சின்னதுதான். நான் பிளாஸ்டிக் உறையை நீட்டினேன். உள்ளே இருந்த கடுகளவு வானத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, அதை ஒரு கவரில் போட்டுப் பின்சட்டத்தில் ஒட்டினார். வேலை தெரிந்தவர் யாராவது பிறகு அதைத் திரும்ப ஒட்டிக்கொள்ளலாமாம்.

பிறகு உள்சட்டத்தின் மூலைகளைக் காட்டினார். ஒவ்வொரு மூலையிலும் சின்ன மர ஆப்புகள் இருக்க வேண்டுமாம். துணி தளர்ந்தால் அந்த ஆப்புகளைச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் போதும், சட்டம் விரிந்து துணி தானாக இறுகும். இரண்டு மூலையில் ஆப்பைக் காணவில்லையே என்று கேட்டார்.

தேவா மெதுவாகத் தன் கருவிப் பையைத் திறந்து அந்த ஆப்புகளை எடுத்துக் கொடுத்தார். பெட்டி கட்டும்போது செருகின மரத்துண்டு என்று நினைத்து முதல் நாளே பிடுங்கிவிட்டாராம். இது எனக்கே தெரியாது.

அக்கா சம்பந்தம் அண்ணனுக்குப் போன் போட்டார். "வாப்பா, ஒண்ணும் இல்ல. அவ உன்னப் பாக்கணும்ன்றா." காய்ச்சல்காரர் குளித்து, விபூதி பூசி, சலவை வேட்டி கட்டி, கோர்ட்டுக்கு வருகிற மாதிரி வந்து நின்றார். கிளேர் இரண்டு கையாலும் அவர் கையைப் பிடித்துக்கொண்டார். அண்ணன் அக்காவைப் பார்த்தார்.

"பாவுக்குன்னா ரெண்டு வாட்டி போடுவோம். இதுக்கு ஒரு வாட்டிதான் போட்டேன்னு சொல்லுங்கம்மா."

அக்கா சொன்னதும் கிளேர் வாய்விட்டுச் சிரித்தார். ஆப்பைக் காட்டியதும் அண்ணனுக்குப் பட்டென்று புரிந்துவிட்டது. தறியில் துணியை இறுக்குவதுபோல்தான் இதுவும் என்றார். பக்கத்திலேயே இருந்ததைக் கண் பார்க்கவில்லையே என்று நெற்றியில் தட்டிக்கொண்டார்.

கிளேர் பையிலிருந்து பென்சில் எடுத்து, அவர் பேரைக் கேட்டார்.

"பேரு எதுக்கும்மா? கம்ப்ளெய்ன்ட் குடுக்கறதுக்கா?"

அதற்கில்லை, ஒரு படத்துக்கு எங்கே, யார், என்ன செய்தார்கள் என்று முதுகில் எழுதி வைப்பது அவர்கள் வழக்கம் என்று அக்கா விளக்கினார். அண்ணன் பென்சிலை வாங்கி, பின்சட்டத்தில் தமிழில் தானே எழுதினார். அரிசிக் கஞ்சி, ஒரு தடவை, காஞ்சிபுரம், சம்பந்தம். அவர் நெய்த எந்தப் புடவையிலும் அவர் பேர் கிடையாது.

சுவர்

கிளேர் கிளம்புவதற்கு முன் அக்கா படத்தைத் தூக்கி அவர் பக்கம் நகர்த்தினார். கிளேர் தலையாட்டித் திரும்ப அக்கா பக்கமே நகர்த்தினார். இரண்டு பேரும் ஏதோ பேசிக்கொண்டார்கள். கார் போன பிறகுதான் அக்கா சொன்னார்.

"வேணாமாம். அப்பா உனக்குக் குடுத்தத நான் எதுக்குக் கேக்கப் போறேன், நான் உன்னப் பாக்கத்தான் வந்தேன்னு சொல்றா. நான்தான் இத்தினி நாளா என்னென்னவோ நெனச்சுக்கினு இருந்தேன்."

சொல்லிவிட்டு ஒரு பெரிய மூச்சு விட்டார். பிறகு கூடத்தின் நடுச் சுவரைக் காட்டி, அங்கே மாட்டச் சொன்னார். வாசலில் நுழைந்ததும் கண்ணில் படுகிற இடம்.

"இங்க வெயில் படுமேக்கா" என்றேன்.

"காலையில கொஞ்ச நேரம்தான. ஸ்க்ரீன இழுத்து உட்டுக்கறேன்."

"சாம்பிராணி?"

"தள்ளிப் போட்டா போச்சு. கஞ்சிக்கே ஒண்ணும் ஆவல, போ."

தேவா டிரில் போட்டார். நான் கொக்கியில் மாட்டி மட்டம் பார்த்தேன். வீடு சுவரில் ஏறியது. பச்சைக் கதவு, நீல ஜன்னல், கோணல் புகைபோக்கி எல்லாம் அதனதன் இடத்தில்.

அக்கா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து, படத்துக்கு எதிரே போட்டு உட்கார்ந்தார். காலை நீட்டிக்கொண்டார்.

"இருவது வருஷத்துக்கு மேல அந்த வீட்ல இருந்தேன். ஒரு நாளு இப்டி எதுக்க ஒக்காந்து பாத்தது இல்ல எஸ்தரு. தொடைக்கற தூரத்துலதான் பாத்திருக்கேன்."

எந்த ஜன்னல் சமையல் அறை, எந்த அறையில் குளிர் எலும்பைக் குடைந்தது, எந்த ஓட்டின் வழியாக மழை ஒழுகியது என்று விரல் நீட்டிச் சொல்லிக்கொண்டே போனார். தேவாவும் அண்ணனும் தரையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தார்கள். நடுவில் காபி ஞாபகம் வந்து அக்கா எழுந்திருக்கப் பார்த்தார். தோளைப் பிடித்து உட்கார வைத்தேன்.

காபியை நான் போட்டேன்.